டயரா, கப்பலா, கிணற்று உறையா? கடலடியில் மீனுக்கு வீடு கட்டுவது பற்றி

மன்னார் வளைகுடாக் கரையில் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். முத்துச்சிப்பி விளைந்த திட்டு முத்துப்பார். வெறும் மணல் கிடக்கும் இடத்தைவிடக் கல்லும் பொந்தும் உள்ள பாரில்தான் மீன் தங்கும் என்பது கடலோடிகளுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். அந்தப் பாரை மனிதக் கையால் உருவாக்கப் பழைய டயர், பழைய கப்பல், காங்கிரீட் வார்ப்பு என்று பலவற்றை உலகெங்கும் மூழ்கடித்துப் பார்த்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ‘செயற்கைப் பார்’ என்ற ஒரே பெயரில் புகழ்வதோ பழிப்பதோ எனக்கு ஒப்பவில்லை.

டயரைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. 1972இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் சுமார் 20 லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். ஆஸ்போர்ன் பார் என்பது அதன் பெயர். கட்டியிருந்த எஃகுக் கவ்விகள் துருப்பிடித்து விட்டுப்போயின. நீருக்குள் ரப்பருக்குப் பெரிய எடை கிடையாது என்பதால் புயல் நீரோட்டம் டயர்களை உருட்டிக்கொண்டுபோய் அருகிலிருந்த இயற்கைப் பவளத்தின்மேல் மோதியது. பவளத்தின் இளம் உயிரி ஒட்டி வளர அசையாத தளம் வேண்டும். உருளும் டயரில் அது நிலைக்கவில்லை. 2007 முதல் ராணுவ முக்குளிப்பாளர்களைக்கொண்டு அவற்றை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. குப்பையை ஒழிக்கும் ஆசைக்கு மீன்வளம் என்று பெயர் சூட்டினால் இதுதான் நடக்கும்.

கப்பலின் கதை அவ்வளவு எளிதல்ல. ஒரிஸ்கனி என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலை 2006 மே 17 அன்று அதே ஃபுளோரிடாவின் பென்சகோலா நகருக்குத் தெற்கே 60 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மூழ்கடித்தார்கள். கப்பலின் பலம் அதன் உயரம். தட்டையான கடலடியிலிருந்து பல மாடிக் கட்டடம்போல் எழுந்து நிற்பதால் நீரோட்டம் அதில் மோதித் திரும்புகிறது. நடுநீரில் திரியும் ‘பாரை’ இன மீன்கள் அங்கே கூடுகின்றன. முக்குளிப்புச் சுற்றுலாவும் வளர்ந்தது. ஆனால் எண்ணெயைத் துடைத்தெடுத்த பிறகும் மின்கம்பி உறைகளில் பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள் மிஞ்சியிருந்தது. அங்கே பிடித்த மீன்களிலும் அது பின்னர் தென்பட்டது. பசிபிக்கின் பால்மைரா பவளத்தீவில் 1991இல் தரைதட்டிய ஒரு மீன்பிடிக் கப்பல் வேறொரு பாடத்தைத் தந்தது. இரும்புச்சத்து மிகக் குறைந்த அந்த நீரில் கப்பல் துருப்பிடிக்க, சுண்ணாம்புக் கூடு கட்டாத, பவளத்துக்கு உறவான ஓர் உயிரினம் வெறிகொண்டு பரவி, உயிருள்ள பவளத்தை மூடிவிட்டது. 2013இல் கப்பலை அப்புறப்படுத்தினார்கள். எல்லாக் கடலிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. இரும்பு பஞ்சமாக இருக்கும் பவளக்கடலில் எஃகைப் போடத் துணியக் கூடாது என்கிறேன்.

காங்கிரீட்டுக்கு வருகிறேன்; என் சாய்வு இதன் பக்கம்தான். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நம் கரைகளில் இறக்கும் வடிவங்களில் முக்கோண வார்ப்பும், கலவா மீனுக்கென அமைத்த வார்ப்பும், நம் வீட்டுக் கிணற்றில் இறக்குவதைப் போன்ற உறையும் உண்டு. புதுக் காங்கிரீட்டின் காரத்தன்மை தணிய அவகாசம் வேண்டும். முதலில் நுண்ணுயிர்ப் படலம், பிறகு பாசி, பாறையில் ஒட்டிவாழும் ஓட்டுயிரியான கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு என்று மேற்பரப்பு உயிர்பெறுகிறது. அவற்றை மேய வரும் சிறுமீனைத் தேடிக் கலவாவும் விளமீனும் வருகின்றன. ஓட்டைகளின் அளவு இங்கே மிக முக்கியம். பெரிய பொந்து மட்டும் இருந்தால் குஞ்சுக்கு ஒளிய இடமில்லை. வேட்டையாடும் மீனுக்கே அது வசதி. சேற்றுத் தரையில் வைத்தால் வார்ப்பு புதைந்துபோகும். கடற்புல்லின்மேல் வைத்தால் இருக்கும் வாழிடத்தையே நசுக்கும்.

கனத்த வார்ப்பு இன்னொரு வேலையும் செய்கிறது: கடலடியை அரைத்துக்கொண்டு போகும் இழுவைமடி வலையைக் கிழிக்கிறது. விசைப்படகு அந்தப் பக்கம் மடி இழுக்கத் தயங்கும். தூண்டில்காரருக்கு இடம் கிடைக்கும். இத்தாலியின் தலமோனே கரையில் பாவ்லோ ஃபன்சியூல்லி என்ற மீனவர் இதே நோக்கத்துடன் சிற்பம் செதுக்கிய பளிங்குக் கற்களைக் கடலில் இறக்கினார். மடி அரைக்காத கடலடியில் புல்லும் சிப்பியும் தாமாகவே மீளும். செயற்கைப் பாரின் மிகப் பெரிய சூழல் நன்மை இதுவே என்பது என் கணிப்பு.

இனி, எந்தப் பொருளானாலும் விடாத கேள்வி ஒன்று. மீன் கூடுவது வேறு, மீன் பெருகுவது வேறு. சுற்றுக் கடலில் சிதறிக்கிடந்த மீனைப் பார் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்து, அதை நாம் அள்ளிவிட்டால் கடலில் மீன் குறையவே செய்யும். முதல் மாதங்களில் வலை நிரம்புவதை வெற்றி என்று அறிவிக்கும் செய்திகளைக் காணும்போதெல்லாம் எனக்குக் கவலைதான். கூடிய மீனைக் காக்கும் விதி அங்கே உண்டா?

தூத்துக்குடியை அடுத்த வான் தீவை இந்த இடத்தில் நினைக்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. 2015 முதல் துளையிட்ட காங்கிரீட் வார்ப்புகளை அதைச் சுற்றி அடுக்கினார்கள். அலையின் வேகம் அவற்றில் தணிந்தது, மணல் தங்கியது, வார்ப்பின் மேலேயே இளம் பவளங்கள் ஒட்டத் தொடங்கின. 1986இலேயே தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்ட பகுதி அது. அங்கே சேரும் மீனுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. ஊர்க்கரைகளில் இறக்கும் உறைகளுக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே தூண்டில் தவிர வேறெதுவும் கூடாது என்பதையும், முட்டையிடும் மாதங்களில் அதையும் நிறுத்துவதையும் ஊரே கூடித் தீர்மானிக்க வேண்டும். உறையை இறக்கும் முன்பே அந்த இடத்திலும் பக்கத்து இயற்கைப் பாரிலும் மீனை எண்ணி வைக்க வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து இரண்டு இடத்திலும் மறுபடி எண்ண வேண்டும், விரல் நீளக் கலவாக் குஞ்சுகளைத் தனியாக.