மாத்திரையா, ஷாக் பெட்டியா, நரம்பு அறுவையா?

நீச்சல் குளத்தில் குதித்த பையன் அப்படியே மூழ்குகிறான். அதிகாலை அலாரம் அடித்ததும் திடுக்கிட்டு எழுந்த பெண் சுருண்டு விழுகிறாள். பல வீடுகளில் இதற்கு முதலில் கிடைக்கும் பெயர் வலிப்பு. இசிஜியை யாராவது கவனமாகப் பார்க்கும்போதுதான் கோளாறு மூளையில் இல்லை, இதயத்தில் என்று தெரிகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்ததற்குத் தயாராக இதயத்தின் மின்னோட்டம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. இசிஜியில் இந்த நேரத்தைக் காட்டும் இடைவெளிக்குப் பெயர் க்யூடி. அது நீண்டுபோவதுதான் லாங் க்யூடி. ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்குப் பரம்பரையாக வருவது. உடலை வருத்தும்போது, குறிப்பாக நீந்தும்போது விழுவது பெரும்பாலும் முதல் வகை. திடீர்ச் சத்தத்தில் விழுவது இரண்டாம் வகை. மூன்றாம் வகைக்குத் தூக்கமும் ஓய்வும்தான் ஆபத்து.

விஷயம் தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "நெஞ்சில் அந்த ஷாக் கொடுக்கும் பெட்டியை வைத்துவிட்டால் நிம்மதிதானே?" என்பது. பயத்தில் கேட்பது, புரிகிறது. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு என் ஓட்டு பீட்டா பிளாக்கர் என்னும் மாத்திரைக்குத்தான்.

பீட்டா பிளாக்கர் பழைய மருந்து. பயத்திலும் பரபரப்பிலும் உடலில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை உசுப்பிவிடுவதைத் தடுக்கிறது. இதில் எல்லாமே ஒன்றல்ல. நாடோலால், ப்ரொப்ரனோலால் ஆகிய இரண்டும் காக்கும் அளவுக்கு மெட்டோப்ரோலால் என்ற மருந்து காப்பதில்லை. முதல் வகை உள்ள 216 பேரைச் சுமார் 10 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. மருந்து எழுதிக்கொடுத்த பிறகும் 12 பேருக்கு இதயம் நின்றது அல்லது உயிர் போனது. அந்த 12 பேரில் 11 பேர் மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்கள், அல்லது க்யூடியை நீட்டும் வேறு மருந்தைச் சாப்பிட்டவர்கள். அந்த "வேறு மருந்து" ஏதோ அபூர்வமானது என்று நினைக்க வேண்டாம். வாந்திக்கு டோம்பெரிடோன், சளிக்கு அசித்ரோமைசின், படைக்கு ஃப்ளூகோனசோல் என்று மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கைமாறுகிறவைதான். மாத்திரையின் உண்மையான பலவீனம் இதுதான்: தினமும் மறக்காமல் போட வேண்டும், அதுவும் எந்தத் தொந்தரவும் தெரியாத ஒரு பதினாறு வயதுப் பிள்ளை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது சிக்கல். சிலருக்கு நாள் முழுக்க அசதி.

சரி, பெட்டி? ஐசிடி என்னும் இந்தக் கருவி முதன்முதலில் மனித உடலுக்குள் வைக்கப்பட்டது 1980இல், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில். ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்து நிறுத்தும், வராமல் தடுக்காது. அதனால் பெட்டி வைத்தவரும் மாத்திரையை விட முடியாது. இதைப் பல குடும்பங்கள் பிறகுதான் தெரிந்துகொள்கின்றன. ஒருமுறை இதயம் நின்று பிழைத்தவருக்கும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் மயங்கி விழுகிறவருக்கும் பெட்டி அவசியம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பதினைந்து வயதில் வைத்தால் வாழ்நாளில் பேட்டரிக்காகவே பலமுறை மாற்ற வேண்டும். ஒயர் பழுதாகலாம். தேவையில்லாத நேரத்தில் ஷாக் அடிக்கலாம். அந்த வலியிலும் பயத்திலும் அட்ரினலின் எகிற, அடுத்த ஷாக்குக்கு அதுவே வழி செய்யலாம். தோலுக்கடியில் மட்டும் வைக்கும் புதுவகையில் ஒயர் இதயத்துக்குள் போவதில்லை. ஆனால் துடிப்பு மெதுவாகிப்போனால் அதனால் வழக்கமான பேஸ்மேக்கர் போலத் துணைக்கு வர முடியாது.

மூன்றாவது வழி பலர் கேள்விப்பட்டே இராதது. இதயத்தை உசுப்பிவிடும் சிம்பதெடிக் நரம்பை, இடப்பக்கத்தில், மார்பில் சிறு துளைகள் வழியே வெட்டிவிடுவது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட 147 பேரிடம் 2004இல் வந்த கணக்கின்படி மயக்கம் போன்ற நிகழ்வுகள் 91% குறைந்தன. விலை என்ன என்றால், இடக்கையில் வியர்க்காது, ஓடினால் முகத்தின் ஒரு பாதி மட்டும் சிவக்கும், சிலருக்கு இமை லேசாகத் தொங்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கும், பெட்டி அடிக்கடி ஷாக் அடிக்கிறவருக்கும் இது பெரிய ஆறுதல். ஆனால் ஆபத்து முழுதாகப் போய்விடுவதில்லை; பெட்டி தேவைப்படுகிறவருக்கு இது பதிலாகாது.

என் வரிசை தலைகீழாகும் இடமும் ஒன்று உண்டு. கோளாறுள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் சில வகைகளில் குழந்தைக்குப் பிறவியிலேயே காதும் கேட்காது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். இந்தப் பிள்ளைகளை மாத்திரை மட்டும் போதிய அளவு காப்பதில்லை. சிறுவயதிலேயே நரம்பு அறுவை, பெட்டி என்று யோசிக்க வேண்டிவருகிறது. காது கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால், வலிப்பு என்று முடிவு கட்டும் முன் ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.