பி.எப்., ஈ.எஸ்.ஐ.: கன்சல்டன்ட் கையில் நாலு வருஷம், எங்கள் கையில் மூணு வருஷம்

கோவை கணபதியில் நானும் என் மச்சானும் சேர்ந்து ஒரு சி.என்.சி. ஜாப் ஒர்க் பட்டறை (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில் மற்ற கம்பெனிகளுக்கு உலோகப் பாகம் கடைந்து கொடுப்பது) நடத்துகிறோம். இன்றைய தேதிக்கு 26 பேர். பத்துப் பேர் ஆனதும் சட்டப்படி ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வாங்கினோம். 2018-இல் ஆள் கணக்கு இருபதைத் தொட்டதும் பி.எப். (வருங்கால வைப்பு நிதி) வந்தது. கேட்டில் உட்காரும் வாட்ச்மேனும், கூட்டிப் பெருக்கும் அக்காவும் அந்த இருபதில் சேர்த்தி என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒருமுறை உள்ளே போய்விட்டால், பிறகு ஆள் பன்னிரண்டாகக் குறைந்தாலும் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மாசாமாசம் இதைக் கணக்குப் போட்டுக் கட்டுகிற வேலையை முதல் நாலு வருஷம் ஒரு கன்சல்டன்ட் பார்த்தார். அதன் பிறகு நாங்களே பார்க்கிறோம். "எந்த கன்சல்டன்ட்டுங்ணா நல்லவரு, எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: முப்பது பேருக்குள் உள்ள பட்டறை என்றால் மாசத்தில் அரை நாள் ஒதுக்கி நீங்களே கட்டுங்கள்.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஹெல்பர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பி.எப்.பில் அவர் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. நம் பங்கும் 1,800. அதில் 1,250 பென்ஷனுக்குப் போய்விடும், 550 மட்டும் அவர் கணக்கில் ஏறும். இது போக இன்சூரன்ஸுக்கு 75, நிர்வாகக் கட்டணம் 75. ஈ.எஸ்.ஐ.யில் அவருக்கு 0.75 சதவீதம், நமக்கு 3.25. ஆக ஓர் ஆளுக்கு நம் கையிலிருந்து மாசம் ஏறக்குறைய 2,440. ஈ.எஸ்.ஐ.யில் நம் பங்கு 4.75 சதவீதமாக இருந்த காலத்தை, அதாவது 2019 ஜூலைக்கு முன்பு, பார்த்தவனுக்கு இது பெரிய பாரமில்லை. "ஓனர் பணம் முழுசா ஏறலை" என்று வருஷத்துக்கு ஒருத்தராவது சண்டைக்கு வருவார். அந்த 1,250 எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கிழிந்தால் மறுபடி ஒட்டுவேன்.

கன்சல்டன்ட் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல மனுஷர், வேலை தெரிந்தவர். ஆனால் எங்களைப் போல அறுபது எழுபது கம்பெனி அவர் தலையில். மாசம் 10-ஆம் தேதி அவர் கணக்குக்குப் பணம் போட்டுவிடுவோம். 15-க்குள் கட்ட வேண்டியதை மூணு மாசம் 18, 19 என்று இழுத்துவிட்டார். எங்களுக்குத் தெரியவே தெரியாது. பாஸ்வேர்டும் அவரிடம், ஓ.டி.பி. போகிற நம்பரும் அவருடையது.

ஆடிட்டர்தான் சலான்களைப் புரட்டும்போது பிடித்தார். பி.எப். ஆபீஸ் போடும் 12 சதவீத வட்டி, நாலு நாளுக்கு என்றால் சில்லறைக் காசு. அடி வேறு பக்கம் விழுந்தது. தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கெடு தேதிக்குள் கட்டாவிட்டால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்கவே முடியாது என்று 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அன்றைய விதிப்படி ஒரு நாள் பிந்தினாலும் அதே கதைதான். நாங்கள் அந்த மூணு மாசத்தில் பிடித்திருந்தது ஏறக்குறைய ஒரு லட்சம். பார்ட்னர்ஷிப்புக்கு வரி 30 சதவீதம். கட்டிய பணத்துக்கே வரியும் கட்டினோம்.

அதைக்கூடப் பொறுத்திருப்போம். வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாளான பையன் ஒருவன், லேத் ஓடும்போது கிளவுஸ் கையோடு பிசிரை எடுக்கப் போய் விரலைக் கொடுத்துவிட்டான். ரத்தத்தைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கன்சல்டன்ட்டுக்கு போன் போட்டேன். "அடுத்த மாசம் எல்லாரோடயும் சேத்துப் போட்டுக்கலாம்னு வெச்சிருந்தனுங்க" என்றார். சேர்ந்த பத்து நாளுக்குள் ஈ.எஸ்.ஐ.யில் பதிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வேலையில் அடிபட்டால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் வைத்தியம் உண்டு, ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. சிங்காநல்லூரில் அவ்வளவு பெரிய ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்க, அவன் பெயர் பதியாததால் தனியார் ஆஸ்பத்திரியில் 68,000 ரூபாய் கட்டினோம். விரல் நுனி போனது போனதுதான். இப்போது எங்களிடம் ஆதாரும் பேங்க் புக்கும் கொடுத்து ஈ.எஸ்.ஐ. நம்பர் வாங்காமல் யாரும் மெஷினைத் தொடுவதில்லை.

நாங்களே எடுத்துக்கொண்டதும் செய்த முதல் வேலை, பதிவான மொபைல் நம்பரை மாற்றியது. அடுத்து ஒரு பே ரோல் (சம்பளக் கணக்கு) சாஃப்ட்வேர் வாங்கி எட்டு மாசம் வைத்திருந்தேன். மாசச் சம்பள ஆபீஸ்களுக்குச் சரியாக இருக்கலாம். எங்களுக்குச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம், நடுவில் அட்வான்ஸ், அதற்கு மேல் ஓ.டி. (கூடுதல் நேர வேலைச் சம்பளம்). அன்றைய விதிப்படி அந்த ஓ.டி. பி.எப்.புக்குச் சேராது, ஈ.எஸ்.ஐ. பிடிக்கும்போது சேரும், ஆனால் ஈ.எஸ்.ஐ.யின் 21,000 சம்பள வரம்பைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது மறுபடி சேராது. இதை அந்த சாஃப்ட்வேருக்குப் புரியவைப்பதற்குள் என் மனைவி எக்செல்லில் ஷீட் போட்டுக் கொடுத்துவிட்டாள். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

பி.எப்.புக்கு மாசாமாசம் ஏற்றும் இ.சி.ஆர். என்ற கணக்கு வெறும் டெக்ஸ்ட் ஃபைல். ஆளுக்கு ஒரு வரி, வரிக்குப் பதினொரு விவரம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஹாஷ், வளைகோடு, ஹாஷ் என்று மூணு குறி. முதல் மாசம் பயமாகத்தான் இருந்தது. 14, 15 தேதிகளில் சைட் சுற்றிக்கொண்டே நிற்கும், அதனால் நான் எட்டாம் தேதியே முடித்துவிடுவேன். ஈ.எஸ்.ஐ. தளம் இதைவிட எளிது, ஆனால் பார்த்துத் தட்ட வேண்டும். ஊருக்குப் போயிருந்த ஃபிட்டர் ஒருவருக்கு வேலை நாள் பூஜ்யம் போட்டபோது காரணம் கேட்டது. 'லீவ்' என்று தட்டுவதற்குப் பதில் 'வேலையை விட்டார்' என்று தட்டிவிட்டேன். அவர் பெயரை மறுபடி சேர்க்கும்வரை எனக்குத் தூக்கமில்லை. அந்தத் தப்புக்கு கன்சல்டன்ட்டைத் திட்டவும் வழியில்லை.

உண்மையான தலைவலி இனிஷியல். முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'முருகன் எஸ்', பேங்கில் 'எஸ் முருகன்', பழைய கம்பெனி போட்ட பி.எப்.பில் 'முருகன் சுப்பிரமணி'. மூணும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் இது வெளியே வரும். அதனால் சேரும் அன்றே மூணு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பார்க்கிறோம்.

போனஸ், வருஷத்துக்கு 9 விடுமுறை, தொழிலாளர் நல நிதி எல்லாம் காலண்டரில் குறித்துவைத்தால் தானாக நடக்கும். 2025 நவம்பர் 21 முதல் நாலு புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸை ஊதிவைக்கிற பழைய வித்தை இனி ஓடாது, மொத்தத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸ் போனால், அந்தக் கூடுதல் தொகை சம்பளத்தில்தான் சேரும். பி.எப்.பை 15,000 சம்பள வரம்பிலேயே கட்டுகிறவர்களுக்கு அந்தப் பக்கம் மாற்றமில்லை, கிராஜுவிட்டிதான் (பணிக்கொடை) ஏறும். வேலையை விட்டவருக்கு ரெண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும் என்பது எங்களுக்குப் புதுசு. அதனால் அட்வான்ஸ் நோட்டைத் தினமும் எழுத ஆரம்பித்திருக்கிறோம்.

போன வாரம் பீகார்ப் பையன் ஒருவன் சேர்ந்தான். புது யூ.ஏ.என். (பி.எப். நம்பர்) வாங்க இப்போது அரசாங்கத்தின் உமங் ஆப்பில் முகத்தைக் காட்ட வேண்டும். மெஷின் ஆயில் பூசிய முகத்தை ரெண்டு தடவை ஏற்கவில்லை. முகம் கழுவிவிட்டு, கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடி வெளிச்சத்தில் நிறுத்தினேன். மூணாம் தடவை கண் சிமிட்டினான், நம்பர் வந்தது. வாட்ச்மேன், "எனக்கும் ஒரு போட்டோ எடுங்ணா" என்று பக்கத்தில் வந்து நின்றார்.