ஆய்லர் எண் எது? பாளையங்கோட்டை ஞாயிறு வகுப்புக்குப் போய்வந்த அனுபவம்

வீரவநல்லூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மார்ச் வந்தால் எம்.எஸ்ஸி. கணிதப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் டைப் அடிப்பதுதான் முழுநேர வேலை. போன வருடம் ஒரு பிள்ளையின் ப்ராஜெக்டில் லெவி-சிவிட்டா என்று வந்த இடத்திலெல்லாம், இரண்டு ஆட்கள் என்று நினைத்து நடுவில் 'அண்ட்' போட்டுவிட்டேன். அவர் ஒரே ஆள், துலியோ லெவி-சிவிட்டா, இத்தாலிக்காரர். கைடு திருப்பி அனுப்பிவிட்டார், பைண்டிங் போட்ட மூன்று காப்பியும் வீண், அந்தப் பிள்ளை கடை வாசலில் நின்று அழுதது இன்னும் மனதில் இருக்கிறது.

அதனால்தான் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் நடத்தும் எட்டு வார ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சார் என்றே எழுதுகிறேன். கணித மேதைகளின் பெயரில் வரும் சொற்களை எப்படிச் சொல்வது, எப்படி எழுதுவது, எது எதைக் குறிக்கும், இவ்வளவுதான் பாடம். ஃபீஸ் 600 ரூபாய். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு காலேஜில் இங்கிலீஷில் திணறும் பிள்ளைகள்.

முதல் நாளே சார் கேட்டது, "ஏம்மா, ஆய்லர் நம்பர்னா என்ன?" ஒரு பிள்ளை 2.718 என்றது. அம்பையில் இருந்து வரும் பையன் 0.577 என்றான். பின்னால் இருந்து இன்னொருவன், "ரெண்டு சார்." சார் மேஜையில் இருந்த தீப்பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்து எண்ணச் சொன்னார். உச்சி 8, விளிம்பு 12, முகம் 6. எட்டில் பன்னிரண்டைக் கழித்து ஆறைக் கூட்டினால் இரண்டு. "மூணு பேரும் ஆய்லர் பேரச் சொல்லித்தான் சொன்னீங்க. வெறுமனே ஆய்லர் எண்ணுன்னு எழுதினா படிக்கிறவன் எதை எடுத்துக்குவான்?" என்றார். முதலாவது ஆய்லர் எண், இரண்டாவதை ஆய்லர் மாறிலி என்று சொல்ல வேண்டும், மூன்றாவது ஆய்லர் சிறப்பியல்பு. குறியீட்டையும் பக்கத்திலேயே போட்டுவிட்டால் குழப்பமே இல்லை. இத்தனை வருடம் டைப் அடித்தும் இது எனக்குத் தெரியாது.

இங்கிலீஷில் எழுதும்போது 'கிரேமர்ஸ் ரூல்' என்றால் முன்னால் 'தி' வராது, 'கௌசியன் டிஸ்ட்ரிபியூஷன்' என்றால் 'தி' வரும். பெயரோடு 'எஸ்' ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். 'தி கிரேமர்ஸ் ரூல்' என்று நானே எத்தனை பக்கம் அடித்திருப்பேன்! ஏபெல் என்ற நார்வேக்காரர் 26 வயதில் காசநோயில் போய்விட்டார், அவர் பெயரில் வரும் 'எபீலியன்' குலத்தை (கணிதத்தில் குரூப் என்பதைத்தான் குலம் என்கிறோம்) இங்கிலீஷில் சின்ன எழுத்தில் எழுதுவதுதான் பெருவழக்கு, அந்த அளவுக்குச் சொல் சாதாரணமாகிவிட்டது. அழுத்தத்தின் அலகு பாஸ்கலும் சின்ன எழுத்துதான், குறியீட்டில் மட்டும் பெரிய 'பி'.

டிடிபி வேலைக்கு நேராக உதவியது கோடு விஷயம். கெய்லி-ஹாமில்டன் தேற்றம் என்றால் கெய்லி, ஹாமில்டன் என்று இரண்டு பேர், அதனால் நல்ல அச்சில் நடுவே கொஞ்சம் நீளமான 'என் டேஷ்' போடுகிறார்கள். லெவி-சிவிட்டா ஒரே ஆள், குட்டிக் கோடு. கோட்டின் நீளத்தைப் பார்த்தே ஒருவரா இருவரா என்று தெரிந்துவிடும். அன்று வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் முழுக்க அந்தப் பிள்ளையின் ஞாபகம்தான்.

பெயர் இருப்பதாலேயே கண்டுபிடித்தவர் அவர்தான் என்று எழுதிவிடக் கூடாது என்பதையும் சார் திரும்பத் திரும்பச் சொன்னார். லோபிதால் விதி (பிள்ளைகள் ஹாஸ்பிடல் ரூல் என்றே சொல்கிறார்கள், முதலில் அதைத் திருத்தினார்) 1696-இல் லோபிதாலின் புத்தகத்தில் வந்தது, ஆனால் விதி யோஹான் பெர்னூலியுடையது, லோபிதால் சம்பளம் கொடுத்து அவரிடம் பாடம் வாங்கியிருக்கிறார். காஸ் பெயரில் இருக்கும் மணி வளைவும் (மேலே சொன்ன கௌசியன் டிஸ்ட்ரிபியூஷன்தான்) 1733-லேயே டி மாய்வரின் கணக்கில் வந்துவிட்டது.

குறையும் இருக்கிறது. கடைசி இரண்டு வாரம் ஓட்டமாக ஓடிவிட்டார். ராமானுஜன் பெயரில் வரும் 'சம்', 'சம்மேஷன்' இரண்டும் வேறு வேறு என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார், நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதே அங்கேதான், ஒரு நாள் முழுக்கக் கொடுத்திருக்க வேண்டும். காஸ், கௌஸ், காவுஸ் என்று தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோமே, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டதற்கு, "ஒண்ணை எடுத்து கடைசி வரை அதையே எழுது" என்றார். சரிதான், ஆனாலும் ஒரு பட்டியல் கொடுத்திருக்கலாம்.

அச்சடித்த நோட்ஸும் கிடையாது. போர்டில் எழுதுவதைப் பின் பெஞ்சில் இருந்து படிப்பது கஷ்டம், சீக்கிரம் போய் முன்னால் உட்காருங்கள். நோட்ஸ் பற்றிக் கேட்டபோது, "நீ டைப் அடிச்சா நான் திருத்தித் தாரேன்" என்றார். நாற்பது பக்கம் முடித்துவிட்டேன், அடுத்த பேட்சுக்கு ஸ்பைரல் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன்.