செகண்ட் லைன் பீச்சில் ஒரு தட்டு அத்தோ

சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலையை உயிரோடு கடந்து, செகண்ட் லைன் பீச்சுக்குள் நுழைந்தால் போதும். மீதி வழியை வறுத்த பூண்டு வாசனை காட்டிவிடும். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகள் அங்கே பல உண்டு. நான் சாப்பிடுவது ஒரு தள்ளுவண்டியில். பெயர்ப் பலகை கிடையாது. நீலத் தார்ப்பாய், ஒரு பெஞ்சு, விளிம்பு நசுங்கிய சூப் அண்டா, அவ்வளவுதான். 1989-ல் தம்பு செட்டித் தெருவில், துறைமுகச் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எங்கள் ஆபீஸ் சீனியர் என்னை இங்கே கூட்டி வந்தார். அன்றைக்குப் பிசைந்து கொடுத்த பெரியவர் இன்று கடையில் இருப்பவரின் அப்பா. போன வாரமும் போய் வந்தேன். இத்தனை வருஷம் தின்றுவிட்டு நாலு வரி எழுதாமல் இருந்தால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

பிசைவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிறத் தடி நூடுல்ஸ் ஒரு பிடி. பொடியாக நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம். அதன்மேல் பொன்னிறத்துக்குச் சற்று மேலே போன வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், வறுத்த மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணீர். கடைசியாக பேஜோ என்கிற தட்டை மாதிரிப் பொரித்த சமாச்சாரத்தை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவுவார். அத்தனையும் ஒரு அலுமினியக் கிண்ணத்தில் விழுந்து, அஞ்சு விரலும் புகுந்து புரட்டி, அரை நிமிஷத்தில் தட்டுக்கு வந்துவிடும். பர்மிய மொழியில் அத்தோ என்றாலே கலந்து பிசைந்தது என்றுதான் பொருளாம், பெரியவர் சொல்லுவார். கூடவே வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். பர்மாவில் இந்தச் சூப்பில் மீன் போடுவார்கள். இங்கே பாதி வாடிக்கை சைவம் என்பதால் மீன் போய்விட்டது, தண்டு மட்டும் தங்கிவிட்டது.

முட்டையை விட்டுவிடாதீர்கள். அவித்த முட்டையை நடுவில் கீறி, வறுத்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீர் ஒரு சொட்டு, மிளகாய் ஒரு சிட்டிகை. கையில் வாங்கின நொடியே வாய்க்குள் போட வேண்டும், யோசித்தால் சட்டையில் ஒழுகும்.

பெரியவர் பிறந்தது ரங்கூனில். 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கடைகள் ஒவ்வொன்றாக அரசுடைமை ஆயின. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அவருடைய அப்பா பெட்டியில் வைத்திருந்ததெல்லாம் நூறு கியாட் நோட்டு. கப்பலில் வந்து இதே துறைமுகத்தில் இறங்கியபோது வீட்டுக்கு மிஞ்சியது பாத்திரமும் கைப்பக்குவமும். அப்படி வந்தவர்கள் லட்சத்துக்கும் மேலே. வியாசர்பாடிப் பக்கம் பலர் குடியேறினார்கள். சிலருக்கு ராஜாஜி சாலை ஓரத்தில் கடை போட இடம் கிடைத்தது. அதுதான் பர்மா பஜார். அதற்கு முன்னால் பல தலைமுறையாக இந்த ஊருக்கு பர்மாவிலிருந்து அரிசி வந்தது, தேக்கு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது. இங்கிருந்து கூலிகளும் கணக்கப்பிள்ளைகளும் செட்டியார்களின் பணமும் போயின. கடைசியாக வந்திறங்கிய சரக்கு இந்த அத்தோ என்பது எங்கள் சீனியரின் கணக்கு. பில் ஆஃப் என்ட்ரி, அதாவது கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரம், போடாமலே உள்ளே வந்த சரக்கு என்பார்.

மண்ணெண்ணெய் என்றதும் எம்டன் ஞாபகம் வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் வந்து குண்டு போட்டுக் கொளுத்தியது பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகளைத்தான். கெட்டிக்கார ஆளை "அவன் பெரிய எம்டன்" என்று இன்னும் சொல்கிறோம். ஹைகோர்ட் மதில்சுவரில் அந்தக் குண்டுவீச்சை நினைவுபடுத்தும் கல்வெட்டு இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்ப் பார்த்துவிடலாம், செரிமானத்துக்கும் நல்லது.

போன வாரம் பெஞ்சில் பக்கத்தில் ஒரு கோயம்புத்தூர்ப் பையன். "செகண்ட் லைன் பீச்னு மேப்ல போட்டிருக்கு, பீச் எங்கண்ணா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நம் முன்னோர் காலத்தில் ஃபர்ஸ்ட் லைன் பீச்சில், அதாவது இன்றைய ராஜாஜி சாலையில், நின்றால் அலை தெரியும். துறைமுகமே கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் மூட்டையையும் மசூலா படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டு வருவார்கள். அந்தப் படகில் ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்தது வளைந்து கொடுக்கும். 1876-ல் கடலுக்குள் இரண்டு கைகளாகக் கல்லைக் கொட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள். முடிகிற நேரம், 1881 நவம்பர் புயல் அடித்துப் போட்டது. மறுபடி கட்டினால், கிழக்கே வைத்த வாசலை மணல் தூர்த்தது. 1904-ல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை அடைத்து வடகிழக்கில் புதிதாகத் திறந்தார். அதற்கப்புறம்தான் இது துறைமுகம் என்று சொல்லும்படி ஆனது.

மணல் விஷயம் இன்னும் பெரியது. நம் கடற்கரையில் மணல் வருஷத்தில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்றது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவன் காலடி மணல் காசிமேட்டுக்காரனுடையது என்று நான் சொன்னதும் பையன் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான். சட்டையில் ஒழுகியது.

இனி குறைகள். 2011 வரை சாயங்காலம் இங்கே வெள்ளைச் சட்டையோடு உட்கார முடியாது. துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியும் இரும்புத் தாதும் தூளாகப் பறந்து காலரைக் கறுப்பாக்கும். பெரியவர் நூடுல்ஸ் மேல் எப்போதும் ஈரத்துணி போட்டிருப்பார். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் அந்தத் தூசுச் சரக்கு எண்ணூருக்கும் மற்ற துறைமுகங்களுக்கும் போனது. இப்போது சென்னைத் துறைமுகம் என்றால் கன்டெய்னர், கார். காற்று சுத்தம்தான். ஆனால் ஈரத்துணி போடும் பழக்கத்தையும் மகன் விட்டுவிட்டார், ஈ மொய்க்கிறது. கை கழுவ ஒரு பிளாஸ்டிக் குடமும் குவளையும், அதில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சூப் முன்பெல்லாம் கேட்கக் கேட்க ஊற்றுவார், இப்போது இரண்டாவது கிண்ணத்துக்குப் பத்து ரூபாய். சீஸ் அத்தோ என்று ஒன்று வந்திருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கையுறை ஒரு தனிப் பிரச்சினை. வீடியோ எடுக்க வருகிறவர்கள் வெறுங்கையைப் பார்த்து முகம் சுளித்ததால் மகன் பாலிதீன் உறை மாட்டிக்கொண்டார். சுத்தம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் உப்பு, மிளகாய் எல்லாமே அவர்கள் வீட்டில் விரல் அளவு. உறை போட்டதிலிருந்து ஒரு நாள் உறைப்பு ஏறுகிறது, ஒரு நாள் புளி தூக்குகிறது. போன வாரம் எனக்குக் கிடைத்தது புளி நாள்.

கூட்டமும் மாறிவிட்டது. நான் வேலை பார்த்த காலத்தில் அஞ்சரை மணி என்றால் பெஞ்சில் முழுக்க எங்கள் ஆட்கள். கக்கத்தில் ஃபைல், சட்டைப் பையில் ரப்பர் ஸ்டாம்ப். யாருக்கு அவுட் ஆஃப் சார்ஜ், அதாவது சரக்கை விடும் கஸ்டம்ஸ் உத்தரவு, ஆனது, எந்தக் கப்பல் லைன்காரன் சரக்கை எடுக்க டெலிவரி ஆர்டர் தராமல் இழுக்கிறான், எல்லாம் அத்தோவோடு பிசைந்து வரும். ஒருமுறை மழைக்காலத்தில் பேக்கிங் லிஸ்ட்டில் எடை ஒன்று, இன்வாய்ஸில் எடை ஒன்று. என் கண்ணில் படவில்லை. மிஷின் பெட்டி பதினொரு நாள் கிடந்து டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறியது. முதலாளி பேசின பேச்சுக்குப் பிறகு வீட்டுக்குப் போக மனசில்லாமல் இங்கே வந்து உட்கார்ந்தேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. முட்டை இரண்டாக வந்தது, காசு ஒன்றுக்குத்தான் வாங்கினார்.

2020 ஜூனில் கஸ்டம்ஸில் முகமறியா மதிப்பீடு வந்தது. சென்னையில் இறங்கும் சரக்கின் பில்லை வேறு ஊரில் உட்கார்ந்த அதிகாரிகூடப் பார்த்து முடிக்கலாம். கஸ்டம்ஸ் ஹவுஸ் மாடிப்படி ஏறி இறங்கும் வேலை பாதிக்கு மேல் போயிற்று. இறக்குமதிக்காரனுக்கு நல்லது, சந்தேகமில்லை. படி ஏறிய பசியில் சாப்பிட வந்தவர்களைத்தான் காணோம். பர்மா பஜாரிலும் அதே கதை. சிங்கப்பூர் போய்வந்து சரக்கு சுமக்கும் ‘குருவி’ ஆட்கள் கொண்டுவந்த வாட்சும் சென்ட்டும் டேப் ரெக்கார்டரும், 91-க்குப் பிறகு கடைத்தெருவில் நேராகவே கிடைக்க ஆரம்பித்ததும் மவுசு இழந்தன. இப்போது மொபைல் கவர், ரிப்பேர். அந்தக் கடைப் பையன்கள்தான் மகனின் நிரந்தர வாடிக்கை.

"நம்ம ஆளுங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க வர்றீங்கல்ல சார்" என்றார்.

அத்தோ 80, முட்டை 20, அந்த வாழைத்தண்டு சூப்பில் நூடுல்ஸ் போட்ட மொய்ங்கா 70. ஜிபே உண்டு. ஆறரைக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் பேஜோ நமத்துவிடும். மழை பெய்தால் கடை இல்லை. பைக்கை ஸ்டேஷன் பக்கமே விட்டுவிட்டு நடந்து வாருங்கள், உள்ளே லாரி நின்றால் திருப்ப இடமிருக்காது. பெஞ்சில் இடது ஓரமாக உட்காருங்கள், வலது கால் ஆடுகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே "உறை வேணாம், கை கழுவிட்டு வெறுங்கையில பிசைங்க" என்று சொல்லுங்கள். தெரிந்தவர்களுக்குச் செய்வார்.