'21 நாள் தனித்தொட்டியில் வைத்த மீன்' என்று சொல்லி விற்றார்கள், என் தொட்டி மொத்தமும் போய்விட்டது

ஞாயிறு இரவு கடைசி மீனும் செத்தது. இன்று புதன். கையில் இன்னும் பிளீச் வாடை போகவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப் போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஆன்லைனில் வண்ணமீன் விற்கும் கடை அது. தினமும் வீடியோ போடுவார்கள், பின்தொடர்கிறவர்கள் ஏராளம். பணத்துக்கான புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. வாங்கியது 12 ரம்மி நோஸ் டெட்ரா, 4 ராம், இரண்டுமே சின்ன வண்ணமீன்கள். மீன், பேக்கிங், கூரியர், அப்புறம் அவர்கள் தலையில் கட்டிய மருந்து எல்லாம் சேர்த்து என் அரை மாதச் சம்பளம். நான்கு மாதமாகச் சேர்த்த பணம்.

நான் ஏமாந்த இடம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆர்டர் போடும் முன் கடைக்காரரிடம் கேட்டேன்: "வந்த உடனே விற்கிற மீனா, தனியாக வைத்துப் பார்த்த மீனா?" அவர் கோபப்படவில்லை. இரவு பத்து மணிக்குத் தொட்டி அறைக்குள் போய் ஒரு வீடியோ எடுத்து, குரல் பதிவோடு அனுப்பினார். "பாருங்க ப்ரோ, இது குவாரண்டைன் தொட்டி. 21 நாள் ஆச்சு. மருந்து கொடுத்து, நல்லா சாப்பிட வைச்சுத்தான் அனுப்புவோம். நீங்க நேரா மெயின் தொட்டியிலேயே விடலாம், நான் பொறுப்பு." தெளிவான தண்ணீர், சிவந்த மூக்கோடு கூட்டமாக நீந்தும் மீன்கள், தொட்டியின் மூலையில் பச்சை வலை ஒன்று தொங்கியது. இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர் பொய் சொல்வாரா என்று நினைத்தேன். என்னிடம் காலியாக இருந்த 40 லிட்டர் தொட்டியைத் தயார் செய்யாமல் விட்டது அந்த "நான் பொறுப்பு" என்ற வார்த்தையை நம்பித்தான்.

என் 150 லிட்டர் தொட்டியில் ஏற்கெனவே ஒரு ஜோடி ஏஞ்சல் மீனும், தரையில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோரஸ் 5-உம் இருந்தன. ஏஞ்சல்கள் காசு அளவில் வந்ததிலிருந்து நான் வளர்த்தவை. நான்கு வருடம். ஃபில்டர் குழாயில் முட்டையிட்டு, இரண்டும் மாறி மாறிக் காவல் நிற்கும். புதுமீன் வந்தது போன புதன்கிழமை. வெள்ளி மாலை ஒரு டெட்ராவின் முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாக ஒரு திட்டு. படம் எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில்: "இச் ப்ரோ, வெள்ளைப் புள்ளி. பயப்படாதீங்க. ஹீட்டரை 31 வைங்க, சரியாயிடும்."

26 டிகிரியில் இருந்த தண்ணீரை 31-க்கு ஏற்றினேன். சனிக்கிழமை காலை 7 டெட்ரா மிதந்தன. ஒரு ஏஞ்சலின் வாய் பஞ்சு ஒட்டியது போல வெளுத்திருந்தது. மறுபடியும் படம் அனுப்பினேன். "அப்படின்னா ஃபங்கஸ் ப்ரோ. நம்ம மருந்து ஒண்ணு இருக்கு, எல்லா நோய்க்கும் கேட்கும், இன்னைக்கே அனுப்புறேன்." அதற்கும் பணம் வாங்கினார். அந்தப் பாட்டில் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. யாருக்கு ஊற்றுவது?

நண்பர் ஒருவர் கல்லூரியில் உயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறார். சனி மதியம் அப்போதுதான் செத்த ஒரு மீனை எடுத்துப் போய், அந்தத் திட்டைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். நீளமான மெல்லிய கோல்கள், வழுக்கியபடி நகர்ந்து, வைக்கோல் போர் போலக் குவிந்து நின்றன. பார்த்த அளவில் காலம்னாரிஸ் என்ற நோய் என்றார். பூஞ்சை இல்லை, ஃப்ளேவோபாக்டீரியம் காலம்னேர் என்ற பாக்டீரியா. இச் என்றால் உடம்பில் உப்புத்தூள் தூவியது போலத் தனித்தனிப் புள்ளியாக இருக்கும். இது முதுகில் சேணம் போட்டது போலப் படரும், வாயில் பஞ்சு போல வரும். இச்சுக்குச் சூடு ஏற்றுவது வழக்கமான வைத்தியம், ஏனென்றால் அந்த ஒட்டுண்ணியின் சுழற்சி சூட்டில் வேகமாகி, மருந்து படக்கூடிய கட்டத்துக்குச் சீக்கிரம் வந்துவிடும். காலம்னாரிஸுக்கோ சூடுதான் சாதகம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும், அதுவும் செவுள் அரித்துப்போன மீனுக்கு. படத்தை ஒழுங்காக ஒரு தரம் பார்த்திருந்தாலே சொல்லியிருக்கலாம். பார்க்காமல் சொல்லிவிட்டார், நானும் செய்துவிட்டேன்.

சூட்டை இறக்கினேன், ஏர் பம்ப் போட்டேன், பாதித் தண்ணீர் மாற்றினேன். நேரம் கடந்துவிட்டது. ஞாயிறு மதியம் வரை ராம், கோரிடோரஸ் எல்லாம் போயின. ஆண் ஏஞ்சல் இரவு பதினொன்றரை மணிக்கு, அந்தக் குழாய் பக்கத்திலேயே சாய்ந்தது. மொத்தம் 23 மீன்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிறு எரிகிறது. முதலில் "உங்க தண்ணீர் பிரச்சினை ப்ரோ" என்றார். டெஸ்ட் கிட் படம் அனுப்பினேன்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20, அதாவது தண்ணீரில் குறை இல்லை. அப்புறம் கூரியரில் மீன் களைத்திருக்கும் என்றார். அதன் பிறகு உத்தரவாதம் என்பது பையிலேயே செத்த மீனுக்கு மட்டும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள், பையைப் பிரிக்காமல் வீடியோ எடுத்திருந்தால் மட்டும் என்றார். "நான் பொறுப்பு" என்று நீங்கள் அனுப்பிய குரல் பதிவு இருக்கிறதே என்று கேட்டேன். பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. திங்கள் காலை வேறொரு எண்ணிலிருந்து வேறொருவர் பேசி, "மறுபடியும் ஆரம்பிக்க காம்போ ஒண்ணு இருக்கு, நல்ல பாக்டீரியா பாட்டிலோட மீனும் சேர்த்து, உங்களுக்காகக் குறைச்சுத் தரேன்" என்றார். என் அரை மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு, செத்த மீனை நான் எடுத்துப் போட்ட மறுநாளே! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த எண்ணும் தொடர்பில் இல்லாமல் போய்விட்டது.

நேற்று எனக்குத் தெரிந்த இன்னொரு மீன் வளர்ப்பவரிடம் சொன்னேன். போன மாதம் அவருக்கு வந்த வீடியோவைக் காட்டினார். அதே தொட்டி, அதே மூலை, அதே பச்சை வலை, பின்னால் நாய் குரைக்கும் அதே சத்தம். 21 நாள் தனித்தொட்டி என்பதே கிடையாது. ஒரே வீடியோவை எல்லோருக்கும் அனுப்புகிறார்கள்.

இப்போது எல்லாவற்றையும் காலி செய்துவிட்டேன். மணல், செடி, ஃபில்டர் ஸ்பாஞ்ச், வலை எல்லாம் குப்பைக்கு. கண்ணாடித் தொட்டியை ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, பல தடவை அலசி, குளோரின் நீக்கி போட்டு மறுபடி அலசி, வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாவும் ஸ்பாஞ்சோடு போய்விட்டது. அது மறுபடி வளர, இனி மீன் இல்லாமல் அம்மோனியா ஊற்றி, அந்த அம்மோனியா நைட்ரைட்டாகி நைட்ரேட்டாகும் வரை நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். இந்தச் செலவு அரை மாதச் சம்பளத்துக்கு மேலே தனி.

செய்ய வேண்டியதை விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் கேளுங்கள். யார் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் புதுமீனை நான்கு வாரம் உங்கள் வீட்டுத் தனித்தொட்டியில் வையுங்கள். தனித்தொட்டி வீடியோ கேட்டால், இன்றைய தேதி எழுதிய தாளைத் தொட்டியில் ஒட்டி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என்ன நோய் என்று உறுதியாகத் தெரியாமல் ஹீட்டரைத் தொடாதீர்கள். விற்றவரிடமே வைத்தியம் கேட்காதீர்கள். பிளீச்சோடு வேறு எதையும், முக்கியமாக வினிகரையும் அம்மோனியாவையும் கலக்காதீர்கள், விஷ வாயு வரும்.

குரல் பதிவு, வீடியோ, பணம் கட்டிய ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதே கடையில் அதே பச்சை வலை வீடியோ வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.