2025 குளிர்கால ரன்வே: எதை வாங்கலாம், எதைப் படத்தோடு விட்டுவிடலாம்

நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் மேடைகளில் 2025 இலையுதிர்-குளிர்காலத்துக்காகக் காட்டிய பெண்கள் உடைகளில் முழு மனதோடு பாராட்டத் தோன்றுவது ஒன்றுதான்: அகன்ற தோள் திரும்பி வந்திருக்கிறது. செயற்கை ஃபருக்கு இரண்டாம் இடம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். சுவேட் (உட்புறத்தைத் தேய்த்து மென்மையாக்கிய தோல்) பரவாயில்லை. உள்பாவாடை போலத் தெரியும் லேஸ் கவுனைக் குளிர்கால உடை என்று சொல்ல மனம் வரவில்லை.

மேடையில் ஒரு கோட்டுக்கு ஒரு நிமிட வேலைகூடக் கிடையாது. கதகதப்பான அரங்கில் நேராக நடந்து போய்த் திரும்பினால் முடிந்தது. வாங்குகிறவர் அதே கோட்டோடு பை சுமக்க வேண்டும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வேண்டும், தூறலில் நனைய வேண்டும். அதனால் இங்கே மதிப்பெண் எல்லாம் துணிக்கும் தையலுக்கும்தான்.

முதலில் தோள். பாரிஸ் ஃபேஷன் நிறுவனமான செயின்ட் லாரன்டில் வடிவமைப்பாளர் அந்தோணி வக்கரெல்லோ அகன்ற தோளிலிருந்து கீழே குறுகும் உருவத்தைக் காட்டினார். இன்னொரு பாரிஸ் நிறுவனமான ஜிவான்ஷியில் 2025 மார்ச் மாதம் அதற்கான தன் முதல் தொகுப்பைத் தந்த சாரா பர்ட்டன், தோளோடு இடுப்பையும் சேர்த்து வெட்டினார். இரண்டில் ஜிவான்ஷி வழியே அன்றாடத்துக்கு ஒத்துவரும். இடுப்பில் பிடிப்பு இருந்தால் அகன்ற தோள் இரவல் வாங்கியது போலத் தெரியாது.

இதே பாணியில் கடைக்கு வரும் மலிவுப் பிரதிகள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். தோள் தையலுக்குச் சற்றுக் கீழே, கை தொடங்குமிடத்தில் ஒரு குழி விழும். தையல் தோள் எலும்பைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே போகும்போது, அந்த இடத்தைத் தாங்க ஷோல்டர் பேட் மட்டும் போதாது. கையின் மேல்வளைவுக்குள் ஒரு பஞ்சுப் பட்டையும் வைத்துத் தைத்திருக்க வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது அந்தப் பட்டைதான். கண்ணாடி முன் நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள், குழி இருந்தால் உடனே தெரியும். பிறகு இரண்டு கைகளையும் தூக்குங்கள். கோட் முழுவதும் காது வரை ஏறினால் அக்குள் வெட்டு மிகவும் கீழே இருக்கிறது என்று அர்த்தம். எந்தத் தையல்காரராலும் அதைச் சரிசெய்வது கடினம். துணி அங்கே இல்லவே இல்லையே.

முன்பக்கத் துணியை இரு விரலால் கிள்ளிப் பார்ப்பதும் அவசியம். மேல் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவினால் அது கேன்வாஸ் (உருவம் நிற்க உள்ளே வைக்கும் முரட்டுத் துணி) வைத்துத் தைத்தது. நழுவாமல் மேல் துணியோடு ஒட்டி விறைப்பாக இருந்தால் உள் அடுக்கைப் பசையால் ஒட்டியது. ஒட்டியதெல்லாம் மோசம் என்றில்லை. ஆனால் பசை தரமில்லை என்றால் சில டிரை கிளீனிங்கிலேயே மார்புப் பக்கம் கொப்புளம் கிளம்பும், அதற்கு மருந்தில்லை. இந்தக் கோட்டைச் சாதாரணக் கம்பி ஹேங்கரில் மாட்டவே கூடாது. ஓரங்கள் நான்கு ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஹேங்கர் வேண்டும். தோளில் தொங்கும் பையும் வேண்டாம், பேட் ஒரு பக்கம் அமுங்கி உருவமே கோணலாகிவிடும். கைப்பிடியுள்ள பைதான் இதற்குச் சரி.

அடுத்து ஃபர். குச்சி (Gucci), செயின்ட் லாரன்ட் முதலிய பிராண்டுகளை வைத்திருக்கும் கெரிங் குழுமம், 2022 இலையுதிர்காலத் தொகுப்புகளிலிருந்து விலங்கு ஃபரை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. எனவே இப்போது மேடையில் ஃபர் போலத் தெரிவதில் பெரும்பங்கு ஷியர்லிங் (மயிரோடு பதப்படுத்திய ஆட்டுத்தோல், ஃபர் கணக்கில் இது சேராது) அல்லது அக்ரிலிக், மோடாக்ரிலிக், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள். தோற்றம் அருமை. ஷியர்லிங்கின் கதகதப்பும் குறைசொல்ல முடியாதது. பராமரிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

செயற்கை இழை சூட்டில் இளகும் பொருள். உரசலும் சூடும் சேர்ந்தால் நுனி சுருண்டு சடையாகிவிடும். பையின் பட்டை படும் இடம், மணிக்கட்டு, உட்காருமிடம் ஆகியவை முதலில் போகும். வாங்கும்போது இழைகளை விரலால் பிரித்துப் பாருங்கள். அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் அடர்த்தி போதாது. நல்லதில் நீள இழைக்கு அடியில் குட்டையான மென்மயிர் தனியாக இருக்கும். ட்ரையர், இஸ்திரி, வெந்நீர் மூன்றும் ஆகாது. துவைக்கலாம் என்று லேபிள் சொன்னால் குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் பாதி காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் இழை படியும் திசையில் வாரிவிட வேண்டும். சீசன் முடிந்ததும் காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் இழை நசுங்கிப் படிந்துவிடும். துணி உறை போட்டுத் தொங்கவிடுங்கள்.

ஷியர்லிங் என்ற பெயரில் விற்பதில் பல, சுவேட் போன்ற பாலியெஸ்டரின் பின்னால் ஃப்ளீஸை ஒட்டியது. தைக்காத வெட்டு விளிம்பைப் பாருங்கள். அசலில் மயிர் தோலிலிருந்தே முளைத்திருக்கும். ஒட்டியதில் இரண்டு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும், முழங்கை மடியும் இடத்தில்தான் முதலில் பிரியும்.

சுவேட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் உங்கள் வெளிர் கம்பளிக் கோட்டிலும் ஒட்டும். நனைந்தால் தானாகக் காயவிட்டுப் பிறகே பிரஷ் போட வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் விறைத்துப் போகும்.

நிறத்தில் சாக்லேட் பிரவுனும் பர்கண்டியும் நல்ல தேர்வு. கருப்பில் தெரியும் தூசும் நூலும் இவற்றில் அவ்வளவு தெரியாது. ஒரு சிக்கல்: தலை முதல் கால் வரை ஒரே பிரவுன் என்று போகும்போது, கடையின் மஞ்சள் விளக்கில் பொருந்திய கம்பளியும் தோலும் வெயிலில் ஒன்று பச்சையாகவும் ஒன்று சிவப்பாகவும் சாயும். சாயங்கள் வேறு என்பதால் ஒளி மாறினால் நிறமும் மாறுகிறது. ஜன்னலோரம் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அதைவிட, வேண்டுமென்றே நான்கைந்து படி அடர்த்தி மாற்றி அணிவது அழகு.

தாடை வரை எழும் ஃபனல் காலர் ஜாக்கெட்டுக்கும் என் ஓட்டு உண்டு, ஸ்கார்ஃப் செலவு மிச்சம். ஜிப்பின் மேல்முனையை மூடும் சிறு துணி மடிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த உலோகம் நாள் முழுக்கத் தாடையைக் கீறும். உள்காலர் வெளிர் நிறமாக இருந்தால் முகப்பூச்சுக் கறை தவிர்க்க முடியாதது.

லேஸ் கவுன் அணிந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு: உள்ளே 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை) மெரினோ கம்பளி, காலுக்குக் கம்பளி டைட்ஸ், நடுவே பட்டு அல்லது குப்ரோ (பருத்திக் கழிவிலிருந்து செய்யும் பட்டு போன்ற துணி) ஸ்லிப், அதாவது உள்ளாடை. அந்த ஸ்லிப் பாலியெஸ்டரானால், ஹீட்டர் போட்ட உலர்ந்த அறையில் மின்னூட்டம் ஏறி, கவுன் ஒவ்வோர் அடிக்கும் காலைச் சுற்றி ஒட்டும். மேலே போடும் கோட்டில் ஜிப் வேண்டாம், பொத்தான் வைத்ததை எடுங்கள். ஒரு பல்லில் லேஸ் மாட்டினால் இழுபடும் நூல் அரைச் சாண் நீளத்துக்குப் பின்னலைப் பிரித்துவிடும்.