தரங்கம்பாடிக் கடலா, பக்கெட் உப்பா?

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரப் பயணம். உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டி வைக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, “கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உப்பைக் காசு கொடுத்தா வாங்குவாய்?” நியாயம்தான். நானும் கடல் நீரில்தான் தொடங்கினேன். எட்டு மாதம் மூன்று கேன்களோடு அலைந்துவிட்டு, தொட்டிக்கென்றே பக்கெட்டில் விற்கும் செயற்கைக் கடல் உப்புக்கு மாறினேன். இப்போது ஒன்றரை வருடமாக உப்புக் கரைசல்தான். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

விளக்கு, அழுக்கை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மர், கரண்ட் போனால் இன்வெர்ட்டர், வெயில் காலத்தில் தண்ணீரை 27 டிகிரிக்கு மேல் போகவிடாமல் பிடித்து வைக்கிற பாடு எல்லாம் எந்த நீருக்கும் ஒன்றுதான். அதை விட்டுவிடலாம்.

கடல் நீர் நல்ல நாளில் அருமையான நீர். கால்சியம், மக்னீசியம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அலை உடைகிற இடத்தில் மொண்டால் மணல்தான் வரும் என்பதால், ஃபைபர் படகில் போகிற ஓர் அண்ணனிடம் கேன்களைக் கொடுத்து அனுப்புவேன். வந்த நீரை இருட்டில் இரண்டு வாரம், காற்று பம்ப் ஓடவிட்டு வைத்திருந்து ஊற்றுவேன். கோடையில், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் 34, 35 (ஆயிரத்தில் இத்தனை பங்கு உப்பு) என்று காட்டியது. ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு கோடைதான்.

ஐப்பசி பிறந்ததும் கதை மாறியது. டெல்டாவில் பெய்கிற மழை வயலில் நின்று, வடிகாலில் இறங்கி, கடைசியில் இதே கடலுக்குத்தான் போகிறது. வடக்கே பழையாறு பக்கம் கொள்ளிடமும் வந்து விழுகிறது. நன்னீர் லேசானது, உப்பு நீரின் மேலேயே மிதக்கும். படகிலிருந்து கேனைச் சாய்த்து மொள்ளுகிறவர்கள் அந்த மேல்நீரைத்தானே மொள்ளுவார்கள்? எனக்கு இது அப்போது உறைக்கவில்லை. கடல் நீரைப் போய் யாராவது அளப்பார்களா என்ற மிதப்பு வேறு.

என் தொட்டி 180 லிட்டர். வாரம் 40 லிட்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். மழைக்கால நீரை ஊற்றத் தொடங்கிய மூன்றாவது வாரம், கார்த்திகை முதல் நாள் காவிரியில் குளிக்கும் முடவன் முழுக்குக்கு ஊரே துலாக்கட்டத்தில் கூடியிருந்த அன்று, ஸீனியா என்ற மென்பவளம் சுருங்கிக் கூழாகிக் கிடந்தது. பூப்போல விரியும் ஸோஆந்திட் ஒன்றுகூட விரியவில்லை. அப்புறம்தான் அளந்தேன். தொட்டியில் 29. மிச்சமிருந்த கேனில் 25. திரும்ப 35-க்கு ஒரே நாளில் ஏற்றினால் அதுவும் அடிதான் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற இரண்டு வாரம் ஆனது. மஷ்ரூம் பவளங்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல இருந்தன.

பவளம் 34-இலும் வாழும், 36-இலும் வாழும். வாரத்துக்கு வாரம் மாறினால்தான் தாங்காது. உப்புக் கரைசலில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரே சீர்தான். ஆர்.ஓ. நீரை, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாக விட்டு, டி.டி.எஸ். (நீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) பூஜ்யமாக்கிக்கொள்கிறேன். லிட்டருக்கு 36 கிராம் உப்பு. இப்போது வாரம் 20 லிட்டர்தான் மாற்றுகிறேன், அதற்கு 720 கிராம். சமையலறைத் தராசு போதும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். ஒரு நாள் பம்ப் ஓடட்டும், மறுபடி அளந்துவிட்டு ஊற்றலாம். ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட வெறும் ஆர்.ஓ. நீர்தான், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பக்கெட் மூடி சரியாக இறுகாவிட்டால் நம்மூர் ஈரக்காற்றில் உப்பு கல்லாகிவிடும். செலவும் கூடத்தான். “வேதாரண்யம் உப்பைக் கரைத்தால் ஆகாதா?” என்று ஒருவர் கேட்டார். ஆகாது. பாத்தியில் விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டிய மக்னீசியம் பாத்தியின் கசப்பு நீரோடு போய்விடுகிறது.

எந்த நீரானாலும், சுண்ணாம்புக் கூடு கட்டும் கல் பவளங்களை வாங்காதீர்கள். 2001-லிருந்து அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கும் செத்த துண்டுக்கும் அதே சட்டம்தான். என்னிடம் இருப்பவை மென்பவளங்களும் ஒரு ஜோடி கோமாளி மீனும்தான். கோமாளி மீனைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அதை வெற்றிகரமாகச் செய்திருக்கிறது.

நாகப்பட்டினத்தில், கடற்கரையை ஒட்டியே வீடு என்றால் தை முதல் ஆடி வரை கடல் நீரை மொண்டு, மிச்ச ஐந்து மாதம் உப்புக்கு மாறிப் பார்க்கலாம். நான் அப்படி ஓட்டியதில்லை. என் மூன்று கேன்களில் இப்போது ஆர்.ஓ. கழிவு நீர் தென்னைக்குப் போகிறது.